ஆசிரியர்களுக்கு இயங்கலைப் பயிற்சி: எந்த வழி, யாரைச் சேர்த்துக்கொண்டு?

"பள்ளிக்குக் கொஞ்சம் நன்கொடை வந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கென்று சொந்தமாக ஒரு பயிற்சித் தளம் தொடங்கலாமா? கல்வி அமைச்சு தருவதே போதுமா? இல்லை, பல்கலைக்கழகத்தைக் கேட்கலாமா?" பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களும் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். பேச்சு முழுவதும் தளத்தைச் சுற்றியே போகிறது. பயிற்சி வகுப்பறை வரை போய்ச் சேருமா, சான்றிதழோடு முடிந்துவிடுமா என்பது வேறொன்றைப் பொறுத்தது. தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகம், பணித்தியத் (பாடக்குழுத்) தலைவர், பெ.ஆ.ச., பள்ளி வாரியம், மாணவர் என ஒவ்வொரு தரப்புக்கும் அந்தப் பயிற்சியில் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். திறப்பு விழாவில் மேடையேறிய பிறகு வேலையே இல்லாத தரப்பு, இரண்டாம் மாதத்தில் அந்தப் பயிற்சியை மறந்துவிடும்.

நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை எடைபோடும் முன் எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவோம்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, நேரம். ஆசிரியரின் மதிய நேரம் வெறுமையாக இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். புறப்பாடம், கூடுதல் வகுப்பு, கூட்டம், பதிவேடு எல்லாம் போக மிஞ்சுவது வாரத்திற்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அதற்கு மேல் கேட்கும் எந்தத் திட்டமும் இரவு பத்து மணிக்குத் தள்ளப்படும்.

இரண்டாவது, அங்கீகாரம். அரசு ஊழியர் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2005-இல் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் செலவிடும் நேரம் அமைச்சின் பயிற்சிப் பதிவு முறையான எஸ்பிஎல்கேபிஎம்மில் பதிவாகாவிட்டால், அதே ஆசிரியர் இன்னொரு பயிற்சிக்கும் போயாக வேண்டிவரும். இரட்டிப்பு வேலை என்ற மனக்கசப்பு அங்கே தொடங்குகிறது.

மூன்றாவது, தமிழ். பாடம் தமிழில் நடக்கிறது. பயிற்சி மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அதை வகுப்பறைக்கு ஏற்ப மாற்றும் சுமை ஆசிரியர் தலையில் விழும். கணிதத்திற்கு இது சமாளிக்கக்கூடியது. எழுத்துக்கூட்டல், வாசிப்பு, இலக்கணம் என்று வந்தால் மாற்றுவதற்கே எதுவும் இருக்காது.

நான்காவது, நீடிப்பு. தொடங்கியவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும்? ஐந்தாவது, பணம். பெரும்பாலும் கடைசியாகக் கேட்க வேண்டிய இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வழி 1: அமைச்சு ஆயத்தமாகத் தரும் பயிற்சி

2020 ஜூனில் தொடங்கப்பட்ட, அமைச்சின் இயங்கலைக் கற்றல் தளமான டெலிமாவில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றின் கருவிகளும் ஒரே கணக்கில் கிடைக்கின்றன. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கணக்கு ஏற்கெனவே உண்டு. செலவு இல்லை, அங்கீகாரம் பற்றிய கவலையும் இல்லை.

மறைமுகச் செலவு வேறிடத்தில் இருக்கிறது. பொதுப் பயிற்சி நாடு முழுவதற்கும் எழுதப்பட்டது. 5-ஆம் ஆண்டில் ஒரே வகுப்பில் 9 பேரை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும், 35 பேரை வைத்திருப்பவருக்கும் ஒரே காணொலிதான். அதைத் திறந்துவைத்துவிட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் புத்தகம் திருத்துவது நடக்கும். அது ஆசிரியரின் சோம்பல் அன்று. கடைசியில் வரும் தேர்வுக்கேள்விகளுக்கு விடையளித்தாலே சான்றிதழ் வந்துவிடும்போது, நேரம் குறைந்தவர் அப்படித்தான் செய்வார்.

இந்த வழியில் பிற தரப்பினருக்கு இடமே இல்லை என்பது பெரிய குறை. ஓரளவு சரிசெய்யலாம்: ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் பணித்தியக் கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கி, "இதில் ஒன்றை எந்த வகுப்பில், எந்தக் கிழமை செய்து பார்க்கப் போகிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கருவியைக் கையாளக் கற்பது, புதிய சுற்றறிக்கையை விளங்கிக்கொள்வது, பாடத்திட்ட மாற்றத்தை அறிவது போன்றவற்றுக்கு இதுவே சிறந்த வழி. இவற்றுக்காகத் தனியாகப் பயிற்சி தயாரிப்பது வீண்.

வழி 2: அண்டைப் பள்ளிகள் சேர்ந்து நடத்துவது

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். கல்வி மாவட்டங்கள் ஐந்து. கோலாலம்பூரில் 15 பள்ளிகள். வட்டாரக் கல்வி அலுவலகங்கள் பங்சார்-புடு, கெராமாட், செந்தூல் என மூன்று. இரண்டு இடத்திலும் சராசரி ஓர் அலுவலகத்திற்கு ஐந்தாறு பள்ளி. ஒரு கற்றல் குழுவுக்கு இதுவே பொருத்தமான அளவு.

150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியை நினைத்துப் பாருங்கள். 2-ஆம் ஆண்டுத் தமிழ் ஆசிரியர் அங்கே ஒருவர்தான். தம் பிள்ளைகள் 'ல, ள, ழ' மாற்றி எழுதுவது தம் குறையா, எங்கும் உள்ள சிக்கலா என்று ஒப்பிட்டுப் பார்க்கவே அவருக்கு ஆள் இல்லை. ஐந்து பள்ளிகள் சேர்ந்தால் அந்த ஆண்டுக்கு மட்டும் ஐந்து பேர் கிடைப்பார்கள். வேறு எந்த வழியும் இதைத் தராது.

ஒரு சுற்று ஆறு வாரம். ஒரே ஒரு சிக்கல். "21-ஆம் நூற்றாண்டுக் கற்றல்" போன்ற அகலமான தலைப்பை எடுத்தால் ஆறு வாரமும் பேச்சிலேயே போய்விடும். 'ல, ள, ழ' எழுத்துப்பிழையையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வாரம், ஒவ்வோர் ஆசிரியரும் பத்து மாணவரின் சொல்வதெழுதுதல் பக்கத்தைப் பெயர் மறைத்துப் படம் எடுத்துக் கூகுள் வகுப்பறையில் ஏற்றுகிறார். பிழைகளை வகைவாரியாக எண்ணுகிறார். ஒலி வேறுபாடு தெரியாத பிழை, ஒலி தெரிந்தும் எழுத்து மறந்த பிழை என்று இரண்டாகப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாம் வாரம், 15 நிமிடத்திற்கு மேற்போகாத ஒரு காணொலியும் ஒரு பக்கக் குறிப்பும். மூன்றாம் வாரம் வகுப்பில் செய்து பார்ப்பது. நான்காம் வாரம் 8 நிமிடப் பாடப்பதிவு. ஐந்தாம் வாரம் 40 நிமிட இயங்கலைச் சந்திப்பு: இரண்டு பதிவுகளை மட்டும் பார்த்துப் பேசுவது. ஆறாம் வாரம் அதே பத்து மாணவரின் புதிய பக்கங்கள், அதே எண்ணிக்கை. ஆசிரியர் ஒருவருக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்குள் முடியும்.

பதிவு எடுக்கும்போது திறன்பேசியை வகுப்பின் பின்புறம் முக்காலியில் நிறுத்துங்கள். ஆசிரியரும் கரும்பலகையும் தெரிந்தால் போதும், பிள்ளைகளின் முகம் வேண்டாம். அப்படியும் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. 720பி தரம் போதும். நிமிடத்திற்கு 40 முதல் 60 எம்பி ஆகும் என்பதால் 8 நிமிடப் பதிவு 500 எம்பி வரை போகலாம். அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்ப முயலாமல் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைத் தாருங்கள். மின்விசிறிச் சத்தம்தான் பெரிய எதிரி. சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்று இருந்தால் பதிவு பயன்படும். இல்லாவிட்டால் ஆசிரியர் சொன்னது எதுவும் கேட்காது.

இனி, தரப்பினரின் வேலை.

தலைமையாசிரியர் தர வேண்டியது நேரம். ஐந்து பள்ளிக் கால அட்டவணையிலும் ஒரே கிழமையில் ஒரே வேளையைக் காலியாக விடுவதை ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்தால்தான் உண்டு. அட்டவணை ஒட்டியபின் கேட்டால் நடக்காது. இன்னொன்றும் அவர் எழுதித் தர வேண்டும்: இந்தப் பயிற்சியில் பதிவாகும் எந்தக் காணொலியும் ஆண்டுப் பணி மதிப்பீட்டுக்கோ பாடக் கண்காணிப்புப் புள்ளிக்கோ பயன்படாது. கையொப்பத்துடன் அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் ஆசிரியர்கள் தங்கள் சிறந்த வகுப்பை ஒத்திகை பார்த்துப் படம் பிடிப்பார்கள்; திணறும் இடம் எவர் கண்ணிலும் படாது. திணறும் இடத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வேலை நேரப்பதிவும் அனுமதிக் கடிதமும். குழு இரண்டு மாவட்டங்களைத் தொட்டால், பினாங்குத் தீவிலிருந்து இரண்டு பள்ளியும் பெருநிலத்துச் செபராங் பிறையிலிருந்து மூன்றும் என்றால், மாநிலக் கல்வி இலாகா வழியாகப் போங்கள். இரு அலுவலகங்களுக்கும் தனித்தனியே எழுதிக் காத்திருக்க வேண்டாம். எஸ்ஐஎஸ்சி பிளஸ் எனப்படும், ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் அலுவலகப் பயிற்றுநரோ தமிழ்மொழிக்குப் பொறுப்பான அதிகாரியோ முதல் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் கலந்துகொண்டால் போதும். எல்லா வாரமும் அதிகாரி இருந்தால் கூட்டம் அறிக்கை வாசிப்பாக மாறிவிடும்.

பெ.ஆ.ச. என்ன செய்யலாம்? முக்காலி, ஒலிவாங்கி, தேவைப்படும் ஆசிரியருக்கு இணையத் தரவு ஆகியவற்றை வாங்கித் தரலாம். ஒரு மணி நேர இயங்கலைச் சந்திப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி வரை எடுக்கும் என்று கணக்கிடுங்கள். அதைவிட மதிப்புள்ள வேலை, ஆறாம் வாரத்தில் வகுப்புப் பெற்றோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தொகுப்பது: பிள்ளை வீட்டில் தமிழ் வாசிக்கிறதா, எந்த எழுத்தில் தடுமாறுகிறது, இந்த மாதம் ஏதாவது மாறியதா? எல்லை ஒன்று உண்டு. ஆசிரியரின் பாடப்பதிவைப் பெற்றோர் பார்க்கக் கூடாது. ஒருமுறை அது வெளியே போனால் அந்தப் பள்ளியில் எவரும் மறுபடி ஒலிவாங்கியை மாட்ட மாட்டார்.

பள்ளி வாரியம் ஆசிரியர் அறை இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் சங்கக் கிளைக்கு முன்கூட்டியே அட்டவணையைக் காட்டிவிடுங்கள். பள்ளி நேரத்திற்கு வெளியே எவ்வளவு கேட்கிறோம் என்ற கேள்வி பிறகு எழுவதைவிட முதலிலேயே எழுவது நல்லது. மாணவரை மறந்துவிடுகிறோம். மூன்றாம் வாரத்தில் பாடம் முடிந்ததும் "இன்று எது புரியவில்லை?" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொன்னால், எந்தப் பயிற்றுநரும் தராத தகவல் ஆசிரியருக்குக் கிடைக்கும்.

கெடுவது எங்கே? ஒருங்கிணைப்பாளரிடம். பெரும்பாலும் ஐசிடி (தகவல் தொழில்நுட்பப்) பொறுப்பாசிரியர் தலையிலேயே எல்லாம் விழுகிறது. அவருக்கு இரண்டு பாடவேளையாவது குறைத்துத் தராமல் இந்த வழியைத் தொடங்காதீர்கள். அடுத்து, கணக்கு. கூகுள் வகுப்பறையை உருவாக்கியவர் ஓய்வுபெற்றாலோ கணக்கை இழந்தாலோ வகுப்பறையே அநாதையாகிவிடும். இணை ஆசிரியராக 20 பேர் வரை சேர்க்கலாம். ஐந்து பள்ளியிலிருந்தும் ஒருவரை முதல் நாளே சேர்த்துவிடுங்கள், உரிமையைத் தேவைப்படும்போது அவர்களில் ஒருவருக்கு மாற்றலாம். அமைச்சுக் கணக்கு இல்லாத பெற்றோரோ விரிவுரையாளரோ உள்ளே வர முடியுமா என்பதை வெளிக்கணக்கு ஒன்றால் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அவர்களுக்குக் கூகுள் படிவம் போதும்.

தமிழ் எழுத்துருச் சிக்கலும் இங்கே தலைகாட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பயிற்றிகளைப் படிவத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாக மாறும். ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அந்த உழைப்பு பல ஆண்டுக்கு உதவும்.

வழி 3: பல்கலைக்கழகமும் ஆசிரியர் கல்விக் கழகமும்

பினாங்கில் யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளி இருக்கிறது. ஆசிரியர் கல்விக் கழகத்தின் பினாங்கு வளாகமும், புக்கிட் மெர்தாஜாமில் துவாங்கு பைனுன் வளாகமும் இருக்கின்றன. கோலாலம்பூர்ப் பள்ளிகளுக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை பக்கத்திலேயே. தஞ்சோங் மாலிமில் உப்சி எனப்படும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்தான். ஆசிரியர்களிடம் இல்லாத அறிவு தேவைப்படும்போது இவர்களை நாடுங்கள்: வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளையை இனங்காண்பது, சிறப்புக் கல்வி, இலக்கணத்தில் ஆழம், வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 3-க்கும் 4-க்கும் கோடு கிழிப்பது. ஐந்து பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசினாலும் கிடைக்காதவை இவை.

இங்கே மறைந்திருக்கும் செலவு காலம். விரிவுரையாளர் பயிற்சியோடு ஆய்வுத் தரவும் திரட்ட விரும்பினால், பள்ளியில் ஆய்வு நடத்த அமைச்சின் கல்வித் திட்டமிடல் ஆய்வுப் பிரிவின் அனுமதி வேண்டும்; அந்தப் பிரிவின் ஈராஸ் என்ற இயங்கலை விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி, ஆய்வு இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பயிற்சியும் அனுமதிக்காகக் காத்திருக்கும். பல்கலைக்கழகத் தளத்தில் ஆசிரியருக்குத் தரும் கணக்கு பருவம் முடிந்ததும் மூடப்படலாம். பாடப்பொருளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிபுணர் பேசுவார், ஆசிரியர் கேட்பார் என்ற பழைய உருவம் இந்த வழியில் எளிதாகத் திரும்பிவிடுகிறது. பாடத்திட்டம் எழுதும் முன் விரிவுரையாளர் ஒரு பள்ளியின் மூன்று பாடவேளையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்பவரோடு சேருங்கள்.

வழி 4: நன்கொடையில் சொந்தத் தளம்

கற்றல் தளம் அமைக்க உதவும் மூடுல் மென்பொருள் இலவசம். அதை நிறுவ வாடகைக் கணினி இடம் ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும். முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு வார இறுதியில் நிறுவியும் தந்துவிடுவார். எளிதாக இருப்பதே இதன் ஆபத்து.

நிறுவிய பின் வரும் வேலையைப் பாருங்கள். 'கிரான்' என்ற பின்னணிப் பணி நிமிடத்திற்கு ஒருமுறை ஓட வேண்டும்; அது நின்றுவிட்டால் ஆசிரியர்களுக்கு அறிவிப்பு மின்னஞ்சல் போகாது, காரணமும் எவருக்கும் தெரியாது. நீண்டகால ஆதரவுப் பதிப்பும் மூன்றாண்டில் பாதுகாப்புத் திருத்தம் பெறாமல் நின்றுவிடும். அதற்குள் மேம்படுத்தியாக வேண்டும். காப்புநகல் எடுக்க வேண்டும், எடுத்த நகல் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடவுச்சொல் மறந்தவருக்கு இரவில் பதில் சொல்ல வேண்டும். அந்த முன்னாள் மாணவருக்குத் திருமணமாகி வேலை சிங்கப்பூருக்கு மாறினால்?

நாடே ஒருமுறை இதைப் பார்த்திருக்கிறது. 1பெஸ்தாரிநெட் என்ற அரசாங்கப் பள்ளி இணையத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த ஃபுரோக் கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. திட்டம் 2019-இல் முடிவுக்கு வந்தபோது பள்ளிகள் வேறு தளத்திற்கு மாற வேண்டியிருந்தது. அரசாங்கப் பணம் பின்னால் இருந்த தளத்திற்கே அந்த நிலை. எந்த வழியைத் தேர்ந்தாலும் மூலக்கோப்புகளைத் தளத்திற்கு வெளியே ஒரு வன்தட்டில் வையுங்கள்.

தனித் தளம் பொருந்தும் ஓர் இடம் உண்டு: மாநில அளவில் இருபது பள்ளிகளுக்கு மேல் சேர்ந்து, சம்பளம் பெறும் ஒரு தொழில்நுட்பப் பணியாளரை மூன்றாண்டுக்கு அமர்த்த முடிந்தால். ஒரு பள்ளியின் நன்கொடைக்கு இது வேண்டாம். அந்தப் பணத்தில் ஆசிரியர் அறை இணைப்பைச் சீராக்கி, பள்ளிக்கு இரண்டு முக்காலியும் இரண்டு ஒலிவாங்கியும் வாங்கினால் முதல் சுற்றிலேயே பயன் தெரியும்.

| | அமைச்சுப் பயிற்சி | அண்டைப் பள்ளிக் குழு | பல்கலைக்கழகக் கூட்டு | சொந்தத் தளம் |
|---|---|---|---|---|
| ஆசிரியர் நேரம் | குறைவு | வாரம் ஒன்றரை மணி | பாடநெறியைப் பொறுத்தது | நடத்துவோருக்கு மிக அதிகம் |
| நேர அங்கீகாரம் | தானாகவே | அலுவலகக் கடிதம் வேண்டும் | கேட்டு உறுதிசெய்ய வேண்டும் | கடினம் |
| தமிழ்ப் பாடப்பொருள் | அரிது | முழுவதும் | பெரும்பாலும் | யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது |
| தரப்பினர் பங்கு | இல்லை | எல்லாருக்கும் | விரிவுரையாளர், அலுவலகம் | நன்கொடையாளர், தொழில்நுட்பர் |
| எங்கே உடையும் | ஒலியை நிறுத்திய காணொலி | ஒருங்கிணைப்பாளர் சோர்வு | அனுமதித் தாமதம் | நிறுவியவர் விலகல் |

எந்தப் பள்ளிக்கு எது, எப்படித் தொடங்குவது

சிறிய பள்ளிக்கு இரண்டாம் வழிதான், தயங்க வேண்டாம். நாற்பது ஆசிரியருக்கு மேல் உள்ள நகரப் பள்ளி அதே ஆறு வாரச் சுற்றைத் தன் பணித்தியங்களுக்குள்ளேயே நடத்தலாம், ஆனால் பக்கத்துச் சிறிய பள்ளி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரு பக்கமும் நன்மை. மூன்றாம் வழியை இரண்டாம் வழியில் இரண்டு சுற்று முடித்த பிறகு எடுங்கள். அப்போதுதான் விரிவுரையாளரிடம் எதைக் கேட்பது என்று ஆசிரியர்களுக்கே தெரிந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு சுற்று போதும். விளையாட்டுப் போட்டி மாதத்தையும் ஆண்டிறுதி மதிப்பீட்டு வாரங்களையும் தொடாதீர்கள்.

தொடங்கும் வரிசையில் அலுவலகக் கடிதம் முதலில், ஏனெனில் அதுதான் அதிக நாள் எடுக்கும். கடிதத்தில் பள்ளிகளின் பெயர், சுற்று தொடங்கும் முடியும் தேதி, பதிய வேண்டிய மொத்த மணி நேரம், கலந்துகொள்ளும் அதிகாரியின் பதவி ஆகிய நான்கும் இருக்கட்டும். அது போன அன்றே தலைமையாசிரியர்கள் ஐவரும் பொதுவான வேளையைக் குறித்துவிடலாம். மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்ற கையொப்பப் பத்தி ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், புலனத்தில் அனுப்பினால் போதாது. பெற்றோர் ஒப்புதல் படிவம் அதன் பிறகு. 'ல, ள, ழ' எழுத்துப்பிழையா, வாக்கியம் அமைப்பதா, வாய்ப்பாடா என்ற தலைப்பை ஆசிரியர்கள் தங்கள் மாணவரின் புத்தகங்களை மேசைமேல் விரித்துவைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஒரு முடிவில் மட்டும் தலைமையாசிரியரோ அதிகாரியோ தலையிட வேண்டாம்.